கால் புக்கும் நாற்பத்து மூன்று உறைகளும்

நவம்பர் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்குகிற நமக்கெல்லாம் ஒரு வேலை உண்டு. நாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த வேலையை நான் சுத்தமாக மறந்துபோனேன். டிசம்பர் முடிந்தும் வங்கியில் பணம் வராதபோதுதான் நினைவு வந்தது. முப்பத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்து, ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் நினைவூட்டுக் கடிதம் எழுதியவன் நான். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதாதா?

பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் இளைய மகன் அந்தப் பொங்கலுக்கு வந்திருந்தான். விஷயம் தெரிந்ததும் என் கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, "அப்பா, இனிமே எல்லாத்தையும் இதுல போட்டுடுங்க, அதுவே ஞாபகப்படுத்தும்" என்றான். கூடவே ஒரு புத்தகமும் கொடுத்தான். செயலியை வெறுமனே வைத்திருந்தால் பயனில்லையாம், இந்தப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் முறைப்படி அதை நிரப்ப வேண்டுமாம். நான் பிரெஞ்சில் படித்து வளர்ந்தவன் என்பதால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையே வாங்கி வந்திருந்தான். 'ஸொர்கனிஸே பூர் ரெயுஸிர்' என்று தலைப்பு. வெற்றி பெறுவதற்காக நம்மை ஒழுங்குபடுத்திக்கொள்வது என்று பொருள். எழுபது வயதுக்கு மேல் எனக்கு என்ன வெற்றி என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இது நம்ம ஆபீஸ் ஆயிற்றே!

புத்தகத்தை எழுதியவர் டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர். ஆங்கில மூலம் 2001-இல் 'கெட்டிங் திங்ஸ் டன்' என்ற பெயரில் வந்தது. கணினித் துறைப் பிள்ளைகள் இதைச் சுருக்கி 'ஜி.டி.டி.' என்கிறார்கள். சொல்லும் விஷயம் சிக்கலானதல்ல. மனத்துக்குள் எந்த வேலையையும் சுமக்காதே, வந்தது எல்லாவற்றையும் ஒரு தட்டில் போடு. தட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேள். இரண்டு நிமிடத்தில் முடியுமானால் அப்போதே முடி. முடியாதென்றால் அடுத்து என் கை செய்ய வேண்டிய காரியம் எது என்று ஒரு வரியில் எழுது. அதை அவர் 'அடுத்த செயல்' என்கிறார். "வீட்டு வரி" என்று எழுதினால் அது வேலை அல்ல, கவலை. "பழைய ரசீதை மர அலமாரியில் தேடுவது" என்று எழுதினால் அது வேலை. இந்த யோசனையைத் தனக்குக் கற்றுக் கொடுத்தவர் டீன் அச்செசன் என்று ஆலன் நன்றியோடு குறிப்பிடுகிறார். ட்ரூமன் காலத்து வெளியுறவு அமைச்சர் அச்செசன் அல்ல, அதே பெயர் கொண்ட வேறொருவர்.

பிறகு பட்டியல்கள். ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ள காரியங்களுக்கு ஒன்று, அடுத்த செயல்களுக்கு ஒன்று, பிறர் பதிலுக்காகக் 'காத்திருப்பவை', இப்போதைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய 'எப்போதாவது, ஒருவேளை'. வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். நாட்காட்டியில் அந்த நாளில் நடந்தே தீர வேண்டியதை மட்டும் எழுத வேண்டும், ஆசைப்படுவதையெல்லாம் எழுதக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

ஆலன் ஓரிடத்தில் நாற்பத்து மூன்று உறைகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நாளுக்கு ஒன்றாக முப்பத்தொன்று, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. 17-ஆம் தேதி தேவைப்படும் காகிதத்தைப் 17 என்று எழுதிய உறையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். தினமும் காலையில் அன்றைய உறையைத் திறந்து உள்ளே இருப்பதை மேசையில் கொட்டி, காலி உறையை வரிசையின் பின்னால் அடுத்த மாதத்துக்காக வைக்க வேண்டும். இதை அவர் கண்டுபிடிக்கவில்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பிரெஞ்சில் இதே காரியத்துக்கு 'எஷேயான்ஸியே' என்று பழைய சொல்லே இருக்கிறது. 'எஷேயான்ஸ்' என்றால் தவணை நாள். எந்த உண்டியல் எந்தத் தேதியில் பணமாக வேண்டும் என்று வணிகர்களும் வங்கிகளும் வைத்திருந்த தவணைப் பதிவேடு அது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கே 'கையே த தெக்ஸ்த்' என்று ஒரு நோட்டு உண்டு. வீட்டுப்பாடத்தைக் கொடுத்த நாளில் எழுதக்கூடாது, ஒப்படைக்க வேண்டிய நாளின் பக்கத்தில் எழுத வேண்டும். திங்கட்கிழமை கொடுத்த இலக்கணப் பயிற்சியை வியாழன் பக்கத்தில் எழுதாமல் திங்கள் பக்கத்திலேயே எழுதியதற்காக ஒரு முறை வகுப்பு முடியும்வரை நின்றிருக்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். உறைக்குக்கூட அந்த மொழியில் 'ஷெமீஸ்' என்றுதான் பெயர், அதாவது சட்டை. காகிதத்துக்குச் சட்டை போடுகிற ஜனங்கள்.

உறைகளை நிமிர்த்தி வரிசையாக நிறுத்தும் வழக்கமே அவ்வளவு பழையதல்ல. நூலகப் புத்தகங்களுக்குத் தசம எண் கொடுத்தாரே மெல்வில் டூயி, அவர் தொடங்கிய லைப்ரரி பியூரோ என்ற நிறுவனம் நிமிர்த்தி அடுக்கும் கோப்பு முறையை 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டியது. அதற்கு முன்னால் கடிதங்களை மடித்து மாடங்களில் செருகினார்கள், அல்லது நகலெடுத்துத் தடித்த புத்தகங்களாகக் கட்டினார்கள். தைத்துக் கட்டிய புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவி அடுத்த மாதத்துக்குள் செருக முடியாது. உறைகள் தனித்தனியாக நின்ற பிறகுதான் காகிதம் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிக்கு நகர முடிந்தது.

எங்கள் அலுவலகத்தில் நாற்பத்து மூன்று உறை கிடையாது. கால் புக் இருந்தது. உங்களில் பலர் அதில் எழுதியிருப்பீர்கள். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோப்பில் இன்னும் ஆறு மாதத்துக்காவது ஒன்றும் செய்ய வழியில்லை, உதாரணமாக நீதிமன்றத்தில் வழக்கு நிற்கிறது என்றால், அதை நிலுவைக் கணக்கிலிருந்து எடுத்துக் கால் புக்கில் பதிவார்கள். மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு தேதி போடுவார்கள். மாதக் கடைசி வாரத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டி, வரும் மாதத்தில் பக்குவப்படும் கோப்புகளை அலமாரியிலிருந்து இறக்கி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இது தவிர வாரா வாரம் நிலுவைப் பட்டியல். ஆலனின் 'எப்போதாவது', 'காத்திருப்பவை', வார ஆய்வு எல்லாம் எங்களிடம் வேறு பெயரில் இருந்தவைதான். எங்களுக்கு யாரும் அதை வெற்றிக்கு வழி என்று சொல்லவில்லை, செய்யாவிட்டால் மெமோ வரும் என்று மட்டும் சொன்னார்கள்.

சரி, இந்தக் காகித முறையைக் கணினிக்குள் புகுத்திய கதைக்கு வருகிறேன். மகன் சொன்னதைக் கேட்டும், அவன் அனுப்பியதைப் படித்தும் இரண்டு வருடமாக இதையே நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆலன் புத்தகத்துக்கு முன்பே, 1988-இல், லோட்டஸ் நிறுவனம் 'அஜெண்டா' என்று ஒரு மென்பொருளை விற்றது. லோட்டஸைத் தொடங்கிய மிட்ச் கேபோர் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். மனத்தில் தோன்றுவதை ஒரு வரியாகத் தட்டினால் போதும். "வரும் செவ்வாய் இன்னாருக்குத் தொலைபேசி" என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது செவ்வாயைத் தேதியாகப் புரிந்துகொண்டு, அந்த ஆளின் பெயரின் கீழும், தொலைபேசி வேலைகளின் கீழும், அந்தத் தேதியின் கீழும் அதே வரியைக் காட்டும். ஒரே காகிதம் மூன்று கோப்பில் இருப்பது போல. இதைப் படித்ததும் பொறாமையாக இருந்தது. நாங்கள் அதற்காக எத்தனை குறுக்குக் குறிப்புச் சீட்டுகள் எழுதியிருக்கிறோம்! ஆனால் கற்றுக்கொள்வது கடினம் என்று பெயரெடுத்து, சில வருடங்களில் கைவிடப்பட்டது. கேபோர் விடவில்லை. 2002-இல் 'சாண்ட்லர்' என்று புதிதாகத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து முடியாமல் இழுத்த கதையை ஸ்காட் ரோசன்பர்க் என்பவர் ஒரு புத்தகமாகவே எழுதி 2007-இல் வெளியிட்டார். சாண்ட்லரின் முதல் பதிப்பு அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது. வேலைகளுக்கு அதில் மூன்று முத்திரைகள்: இப்போது, பிறகு, முடிந்தது. வேலையை ஒழுங்குபடுத்தும் மென்பொருளையே நேரத்துக்கு முடிக்க முடியவில்லை என்பதை நினைத்து நான் சிரித்ததை ஒத்துக்கொள்கிறேன். பொதுப்பணியில் பாலம் கட்டுகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

இடையில் 1996-இல் 'பாம் பைலட்' வந்தது. சட்டைப் பையில் போகும், குச்சியால் எழுதலாம். அதன் வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வகை கொடுக்கலாம், ஒன்றே ஒன்றுதான். ஆலன் முறைக்காரர்களுக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அவர் வேலைகளை முக்கியத்துவப்படி பிரிக்கச் சொல்லவில்லை, எங்கே செய்ய முடியும் என்பதை வைத்துப் பிரிக்கச் சொன்னார். தொலைபேசி பக்கத்தில் இருந்தால் செய்யக்கூடியவை, கடைத்தெருவுக்குப் போனால் செய்யக்கூடியவை, கணினி முன்னால், வீட்டில், இப்படி. நல்ல நடைமுறை அறிவு அது. கருவூலத்துக்குப் போகிறவனிடம் நாலு பேர் நாலு பில்லைக் கொடுத்தனுப்புவார்களே, அதேதான்.

புத்தகம் வந்த பிறகு மென்பொருள் எழுதுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மெர்லின் மேன் என்பவர் 2004-இல் தொடங்கிய இணையதளத்துக்கு அந்த நாற்பத்து மூன்று உறைகளின் பெயரையே வைத்தார். அவரே கைக்கணினிக்குப் பதிலாகக் கொஞ்சம் வெற்று அட்டைகளை ஒரு கிளிப்பில் சொருகிப் பையில் வைத்துக்கொள்ளவும் சொன்னார் என்பது வேடிக்கை. ஈதன் ஸ்கூனோவர் என்பவர் மேக் கணினியில் குறிப்பெழுதும் மென்பொருள் ஒன்றின் மேல் சிறு நிரல்களை ஒட்டி ஆலன் முறையை ஓட்டிக் காட்டினார். அந்த ஒட்டு வேலையிலிருந்து பிறந்ததுதான் 2008 ஜனவரியில் வெளிவந்த 'ஆம்னிஃபோகஸ்'. அடுத்த ஜனவரியில் ஜெர்மானியர்கள் 'திங்ஸ்' கொண்டுவந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் பேராசிரியர் 2003-இலேயே தன் சொந்த உபயோகத்துக்காக 'ஆர்க் மோட்' என்று வெறும் எழுத்துக் கோப்பில் ஓடும் ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தார். அமிர் சாலிஹெஃபெண்டிச் 2007-இல் 'டுடூயிஸ்ட்' தொடங்கினார். பெயர்கள் இத்தோடு போதும்.

இவர்கள் எல்லோருக்கும் வந்த தொல்லை ஒன்றுதான். சட்டை ஒரு அளவு, உடம்பு ஒரு அளவு. ஆலனின் காகிதத்தில் காரியங்களின் பட்டியலும் அடுத்த செயல்களின் பட்டியலும் தனித்தனித் தாள்கள். "பெண் கல்யாணம்" ஒரு தாளில், "மண்டபத்துக்காரருக்குப் போன்" இன்னொரு தாளில். இரண்டையும் இணைக்கும் கயிறு எதுவும் கிடையாது. வாரம் ஒரு முறை நாம் உட்கார்ந்து பார்க்கும்போது நம் மனசுதான் கயிறு. கணினிக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. கயிறு இல்லாத இடத்தில் கயிறு கட்டுவதுதானே அவர்கள் தொழில். காரியத்தின் அடியில் செயல்களை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ஆம்னிஃபோகஸில் ஒரு காரியத்தை 'வரிசைப்படி' என்று குறித்துவிட்டால் முதல் செயல் முடிந்தவுடன் இரண்டாவது தானாகவே மேலே வரும். வசதிதான். ஆனால் எட்டுப் படியையும் ஆரம்பத்திலேயே யோசித்து எழுதியவன் மூன்றாம் படியில் நிலைமை மாறிவிட்டதைப் பார்க்காமல் நாலாம் படிக்குப் போய்விடுவான்.

'எங்கே' என்ற பிரிவும் சீக்கிரம் நைந்துபோயிற்று. கைபேசி வந்த பிறகு தொலைபேசி, கணினி, கடைத்தெரு எல்லாம் ஒரே பையில். 'தொலைபேசி பக்கத்தில் இருக்கும்போது' என்ற தலைப்புக்கு இப்போது என்ன அர்த்தம்? தூங்கும்போதும் அது பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தேதி. நாட்காட்டி விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன் என்றேனே, அது இதுதான். மென்பொருளில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. செய்தே தீர வேண்டிய தேதியா, செய்தால் நல்லது என்ற தேதியா, அன்றைக்குக் கண்ணில் பட்டால் போதும் என்ற தேதியா என்று யோசிக்காமல் போட்டுவிடுவோம். நாள் கடந்ததும் வரி சிவப்பாகும். கால் புக்கில் போட்ட தேதி தவணை அல்ல, கோப்பு மேசைக்கு வர வேண்டிய நாள். அதற்கு முந்தின நாள்வரை கோப்பு அலமாரியில், கண்ணுக்குத் தெரியாமல். ஆம்னிஃபோகஸ் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. ஒரு வேலை கண்ணில் படத் தொடங்கும் நாளுக்குத் தனிக் கட்டம், தவணைக்குத் தனிக் கட்டம் என்று வைத்தார்கள். எளிமைக்காக ஒரே கட்டத்தோடு நிறுத்திக்கொண்ட செயலிகளும் உண்டு. என் மகன் இறக்கிக் கொடுத்தது அந்த வகை.

ஒரே கட்டம் என்ன செய்யும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். இதை இதுவரை எழுதியதில்லை.

2004 வாக்கில் எங்கள் பிரிவுக்கு ஒரு கணினி வந்தது. எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்வதில் அப்போது ஆசை அதிகம். என் பொறுப்பில் இருந்த கால் புக்கை நானே எக்செல் அட்டவணையாகத் தட்டினேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன், தேதி கடந்தால் வரி சிவப்பாக மாறும்படி செய்து கொடுத்தான். எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கண்காணிப்பாளர் பாராட்டினார். கையால் எழுதும் புத்தகத்தை நிறுத்திவிட்டோம்.

கையால் எழுதியபோது ஒரு தொந்தரவு இருந்தது. மாதக் கடைசியில் இன்னும் பக்குவப்படாத ஒவ்வொரு பதிவையும் புதிய பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும். கோப்பு எண், பெயர், பொருள், புதிய தேதி. நாலாவது முறை அதே பெயரை எழுதும்போது எரிச்சல் வரும். இது ஏன் இன்னும் இங்கே கிடக்கிறது என்று கோப்பை இறக்கிப் பார்ப்போம். பாதி கோப்புகள் அந்த எரிச்சலில்தான் நகர்ந்தன. எக்செல்லில் எதையும் திருப்பி எழுத வேண்டாம். நேற்றிருந்த வரி இன்றைக்கும் இருக்கும், நாளைக்கும் இருக்கும். நூற்றுச் சொச்சம் வரியில் முதல் மாதம் ஆறு சிவப்பு. கண்ணை உறுத்தியது. ஒரு வருடத்தில் நாற்பது. உறுத்துவது நின்றுவிட்டது.

அந்த நாற்பதில் ஒன்று பாகூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவருடைய குடும்ப ஓய்வூதியம். கணவர் இறந்தபின் அவருடைய உறவினர்கள் உரிமை கோரி வழக்குப் போட்டிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது, அதனால் கால் புக். தீர்ப்பு அந்த அம்மாளுக்குச் சாதகமாக வந்தது. நகல் தபாலில் வந்து, பதிவாகி, என் தட்டுக்கும் வந்தது. கோப்பு வெளியே இல்லையே, எடுக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று நகலை ஒரு உறையில் போட்டு வைத்தேன். வரி ஏற்கெனவே சிவப்பு. அதைவிடச் சிவப்பாக அது எப்படி ஆகும்?

ஏழு மாதம் கழித்து அவரே வந்தார். மழை நாள். குடையை வெளியே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "கோர்ட்டுலேருந்து உங்களுக்கு இன்னும் வரலீங்களா சார்? வக்கீல் எப்பவோ அனுப்பியாச்சுன்னு சொன்னாரு" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். காதில் ஒன்றும் இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தார். நான் உறையைத் தேடி எடுத்தேன். பெறப்பட்ட தேதி முத்திரை என் கண்ணெதிரே. "இப்பதாம்மா வந்துது, இந்த மாசமே முடிச்சுடறேன்" என்று சொன்னேன். முடித்தும் கொடுத்தேன், பாக்கித் தொகை முழுவதும் சேர்த்து. அவர் மறுபடி வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அந்தப் பழத்தை நான் சாப்பிடவில்லை, பியூனிடம் கொடுத்தேன். முத்திரையிட்ட தேதியை யாரும் கேட்கவில்லை.

மறு மாதமே கையால் எழுதும் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். கணினி வந்த பிறகும் இவர் பழைய பஞ்சாங்கம் என்று சிரித்தார்கள். காரணம் சொல்லவில்லை.

அதனால்தான் ரைடர் கேரல் என்பவரைப் பற்றிப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நியூயார்க் புரூக்லினில் இருப்பவர், கணினித் திரைகளில் பயன்படும் பொருள்களை வடிவமைப்பதுதான் அவர் தொழிலே. அவர் தனக்காகச் சாதாரண நோட்டில் ஒரு முறையை உண்டாக்கி 2013-இல் வெளியிட்டார். 'புல்லட் ஜர்னல்' என்று பெயர். ஒரு வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் அதன் மேல் பெருக்கல் குறி. மாதம் முடிந்ததும் முடியாத வேலைகளைப் புதிய பக்கத்துக்குக் கையால் எழுத வேண்டும். திருப்பி எழுதும் அளவுக்குக்கூட மதிப்பில்லை என்றால் அடித்துவிட வேண்டும். அந்தச் சிரமம் வேண்டுமென்றே வைத்தது, அதை எளிதாக்கக்கூடாது என்கிறார். சிறு வயதிலிருந்தே கவனம் நிலைக்காத கோளாறு அவருக்கு உண்டாம், அந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்த முறை இது. எங்கள் மாதக் கடைசி வாரத்தை அமெரிக்கர் ஒருவர் எங்கிருந்தோ கண்டுபிடித்துவிட்டார். அவர் சொல்வதும் மென்பொருளாக வந்துவிட்டது என்பது வேறு விஷயம். பல செயலிகளில் இப்போது ஒரு பொத்தான் உண்டு, தவணை கடந்த அத்தனையையும் ஒரே தட்டில் இன்றைய தேதிக்கு மாற்றிவிடும். ஆம்னிஃபோகஸில் ஒவ்வொரு காரியத்தையும் எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று குறிக்கலாம், அது நல்ல ஏற்பாடு. ஆனால் பார்த்தாயிற்று என்பதும் அங்கே ஒரு பொத்தான்தான். கோப்பைத் திறக்காமலே "பார்த்தேன்" என்று சுருக்கொப்பம் போட்ட அதிகாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். நான் மட்டும் என்ன வாழ்ந்தது.

செயலி கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். மகன் மனது நோகும் என்பதற்காகச் சொல்லவில்லை. தேதி தவறாமல் மணி அடிப்பதில் அதற்கு ஈடு இல்லை. இப்போது அதில் மூன்றே மூன்று வகை வைத்திருக்கிறேன். நவம்பர் சான்று, மனைவியின் கண் சொட்டு மருந்து, மின்கட்டணம் போல நாள் கடந்தால் தண்டனை உள்ளவை மட்டும். மற்றதெல்லாம் நாற்பது பக்க நோட்டில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, முடியாததைப் புதிய பக்கத்தில் எழுதுகிறேன். கை நடுங்குவதால் முன்னைவிட நேரம் ஆகிறது.

நோட்டின் கடைசிப் பக்கம் 'எப்போதாவது'. அதில் "பாகூர் அம்மாளைப் பார்த்து உண்மையைச் சொல்வது" என்று ஒரு வரி ஒன்றரை வருடமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் திருப்பி எழுதினேன், அடிக்க மனம் வரவில்லை, போகவும் இல்லை. போன மார்ச்சில் ஆலன் சொன்னது உறைத்தது. அது வேலையாக எழுதப்படவில்லை, கவலையாக எழுதப்பட்டிருக்கிறது. அடித்துவிட்டு, "செவ்வாய் காலை பாகூர் பஸ்" என்று முதல் பக்கத்தில் எழுதினேன். போனேன். கோப்பில் இருந்த தெரு நினைவிருந்தது, வீட்டைக் கண்டுபிடித்தேன். வேறு குடும்பம் இருக்கிறது. அந்த அம்மாள் நாலைந்து வருடத்துக்கு முன்பே மகளோடு திண்டிவனம் பக்கம் போய்விட்டாராம், இருக்கிறாரா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மகள் பொங்கலுக்குப் பொங்கல் எதிர் வீட்டுக்கு வருவாள் என்றார்கள். எதிர் வீடு அன்றைக்குப் பூட்டியிருந்தது.

இந்த வாரப் பக்கத்தில் நாலாவது வரி: "எதிர் வீட்டுக்காரரிடம் மகளுடைய போன் நம்பர் கேட்பது."